அத்தியாயம் 4: கொட்டகையில் கிடந்த செயின்சாவை மீண்டும் ஓட்டுவது

ஐம்பது அறுபது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த செயின்சா, அங்கே கிடந்தே செத்துப்போவது அரிது. யாரோ ஆசையாக வாங்கி வந்து, டாங்கில் பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்து, ஓடுகிறது என்ற மகிழ்ச்சியில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும் முதல் பத்து நிமிடத்தில்தான் அது சாகிறது. காய்ந்துபோன ஆயில் சீல் வழியே காற்று உள்ளே புகுகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோலோடு வரும் ஆயிலும் அதே அளவு குறைகிறது. பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பத்திரமாகக் கடக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

பழைய ரம்பங்களைத் துடைத்து, பெயின்ட் அடித்து அலமாரியில் வைப்பவர்களும் சேகரிப்பாளர்களே. நான் அந்தக் கட்சி அல்ல. மரத்தில் இறங்கித் தூள் பறக்காத செயின்சாவைப் பற்றி நமக்குப் பாதிதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஓட்டுவதற்காக வாங்குபவர்களுக்கு.

எந்தக் காலத்து ரம்பம்?

செயின்சாவின் வரலாற்றைப் பெரும்பாலும் எடைக்குறைப்பின் வரலாறு என்றே சொல்லலாம். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு எமில் லெர்ப் தம் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியாவின் டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயராயிற்று. 1929-இல் வந்த ஸ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்தால்தான் வேலை நடக்கும். இத்தகைய இருவர் ரம்பங்களில் பலவற்றில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருக்கும். எஞ்சினைச் சாய்த்தால் அதற்குப் பெட்ரோல் சரியாக வராது. ஆகவே எஞ்சினை நேராக வைத்துக்கொண்டு பாரை மட்டும் திருப்பும்படி செய்திருப்பார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் முதல் ரம்பமாக இதை வாங்காதீர்கள். உதிரிபாகம் தேடியே சலித்துவிடுவீர்கள்.

செயினிலும் ஒரு எல்லைக்கோடு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், அடிமரம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்குவதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் வடிவமைத்த செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் ஓடும் செயின்கள் அதன் வழிவந்தவை. அதற்கு முன்பிருந்த செயின்களின் பற்கள் மரத்தைச் செதுக்காமல் கீறிக்கொண்டே போகும். கைரம்பப் பல்லின் வேலைதான் அது. அந்தச் செயினோடு வரும் ரம்பம் கிடைத்தால் செயினைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதைப் போட்டு அறுக்காதீர்கள்.

ஒருவர் தனியாகத் தூக்கி ஓட்டும் ரம்பங்களின் காலம் அதன் பிறகே சூடு பிடித்தது. மெக்கல்லக் 3-25 வந்தது 1949-இல். பெயரிலுள்ள 25 அதன் எடை, பவுண்டில். ஸ்வீடனின் யோன்செரெட்ஸ் 1954-இல் ராக்கெட்டைக் கொண்டுவந்தது. 1959-இல் வந்த ஸ்டீல் கான்ட்ரா கியரைத் தூக்கி எறிந்துவிட்டு, கிராங்கிலிருந்து நேராகச் செயினை ஓட்டியது: 12 கிலோ எடை, 6 குதிரைசக்தி. 1963-இல் அமெரிக்காவின் ஹோம்லைட் எக்ஸ்எல்-12 வந்தபோது, பாரும் செயினும் சேர்க்காத எடை 13 பவுண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதற்கிடையில், 1950-களில் பரவிய டயாஃப்ரம் கார்புரேட்டர் பெரிய விடுதலையைக் கொடுத்தது. ரம்பத்தைச் சாய்த்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் நிற்காது.

முதல் ரம்பத்துக்கு என் பரிந்துரை எக்ஸ்எல்-12 அல்லது அதன் அண்ணன் சூப்பர் எக்ஸ்எல். எக்ஸ்எல்-12-இல் 54 சிசி எஞ்சின், எளிய அமைப்பு, ஏராளமாகத் தயாரானதால் பழைய பாகங்கள் இன்னும் புழங்குகின்றன. கனடாவில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொரு வழி உண்டு: பயனியர். வான்கூவரில் ஐஇஎல் என்ற பெயரில் தொடங்கி, 1956-இல் அவுட்போர்டு மரைன் கைக்குப் போய், பிறகு ஒன்டாரியோவின் பீட்டர்பரோவில் தயாரானவை. டொரொன்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர் அது. சுற்றுவட்டாரப் பண்ணை ஏலங்களில் இன்றும் இவை கண்ணில் படும். உள்ளூர்ச் சரித்திரத்தைக் கையில் பிடித்து ஓட்டும் மகிழ்ச்சி தனி.

மெக்கல்லக்கின் 123 சிசி சூப்பர் புரோ 125, ஸ்டீலின் 137 சிசி 090 ஆகியவற்றின் மேல் எல்லோருக்கும் கண் உண்டு, விலையும் அப்படியே. மெக்கல்லக்கின் பெரிய எஞ்சின்கள் கோ-கார்ட் பந்தயங்களிலும் ஓடியதால், பாகங்களுக்கு அந்தப் பக்கமிருந்தும் போட்டி உண்டு. (லண்டன் பாலத்தை 1968-இல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிய ராபர்ட் மெக்கல்லக் இந்தக் கம்பெனிக்காரர்தான். அந்தப் பாலம் இன்றும் லேக் ஹவாசுவில் நிற்கிறது.) தென்கிழக்கு ஆசியாவின் மரக்கூப்புகளில் பேர்போன ஸ்டீல் 070-ஐ வாங்க நினைப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். அதன் நகல்கள் ஏராளம். வார்ப்பின் ஓரங்கள் கரடுமுரடாக இருந்தாலோ, எழுத்துகள் மழுங்கியிருந்தாலோ தயங்குங்கள். மேற்கு ஜெர்மனி என்ற பொறிப்பு இருந்தால் அந்தப் பாகம் 1990-க்கு முந்தையது.

வாங்கும் இடத்தில்

பையில் மூன்று பொருள் இருந்தால் போதும்: பிளக் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், சின்ன டார்ச். விற்பவர் என்ன சொன்னாலும் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "வைக்கும்போது நல்லா ஓடிட்டிருந்தது" என்பது எல்லோரும் சொல்வது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஏன் வைத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கேளுங்கள். பழுது என்றால் என்ன பழுது, யார் பிரித்தார்கள், பிரித்தவர் திரும்பப் பூட்டினாரா என்று கேளுங்கள்.

முதலில் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறுகிக் கிடந்தால் பலம் போடாதீர்கள். சுற்றினால், கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து ரம்பத்தை அதன் எடையிலேயே கீழே இறங்க விடுங்கள். இன்னொரு கை அடியில் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நின்று நின்று இறங்கினால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. சரசரவென்று இறங்கிவிட்டால் ரிங் போயிருக்கும், அல்லது அதைவிடப் பெரிய சிக்கல்.

பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். இதை மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். பெரும்பாலான ரம்பங்களில் ஓரிரு போல்ட்தான். திறந்த துவாரம் வழியே டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். மழமழப்பாக, மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்த எஞ்சின் உயிரோடு இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், யாரோ ஏற்கனவே அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நகத்தால் தடவி உணர முடியாத மெல்லிய கோடுகளோடு பல ரம்பங்கள் நன்றாகவே ஓடுகின்றன; நகம் மாட்டினால், உதிரிபாகங்களுக்கான விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். சைலன்சரைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வெளிப்புறத்தில் கவனிக்க வேண்டியது மெக்னீசியம். அந்தக் காலத்து இலகு ரம்பங்களின் உடல் பெரும்பாலும் மெக்னீசிய வார்ப்புதான். ஈரமான மரத்தூள் அப்பிக் கிடந்த இடங்களில் அது வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை. டாங்கின் அடியில் குழி விழுந்திருந்தால் பெட்ரோல் கசியும். மெக்னீசியத்தில் ஸ்க்ரூ மரைகளும் எளிதில் தேய்ந்துபோகும். இரண்டு மூன்று ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள். பிறகு வீட்டில் வேலை செய்யும்போது இந்த வார்ப்பைக் கிரைண்டரில் பிடிக்காதீர்கள். மெக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

எஞ்சின் பாகம் எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காதவை மூடிகள்: ஏர் ஃபில்டர் மூடி, ஆயில் மூடி, ஸ்டார்ட்டரின் வெளிமூடி. மூடிகள் முழுசாக இருக்கும் ஓடாத ரம்பம், மூடிகள் இல்லாத ஓடும் ரம்பத்தைவிட மேலானது.

மேசையில்

பிஸ்டன் இறுகியிருந்தால், பிளக்கைக் கழற்றி உள்ளே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊற விடுங்கள். நாள் கணக்கில் ஆகட்டும். ஃபிளைவீலின் இறக்கைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் இறக்கை உடையும். மாற்று கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது தீப்பொறி. அந்தக் காலத்து ரம்பங்களில் பாயின்ட்டும் கண்டென்சரும் ஃபிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஃபிளைவீலை எடுக்க அதற்குரிய புல்லரைப் பயன்படுத்துங்கள். கிராங்கின் நுனியில் சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங்குக்கு ஆபத்து. பாயின்ட்டுகள் பூத்துப்போய் இருக்கும். மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளை அட்டையை நடுவில் வைத்து இழுத்தால் அழுக்கு அட்டையில் வந்துவிடும். அட்டை வெள்ளையாகவே வரும்வரை இழுங்கள். இடைவெளி பல மாடல்களுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. பிளக்கில் 0.025 அங்குலம், ஏறக்குறைய 0.64 மி.மீ. ஃபிளைவீலின் சிறிய சாவியையும் பாருங்கள். அது பாதி அறுந்திருந்தால் தீப்பொறி நேரம் தவறி, நல்ல எஞ்சின்கூட ஸ்டார்ட் ஆக மறுக்கும். பாயின்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் சிறு எலக்ட்ரானிக் சில்லுகளும் கிடைக்கின்றன. எனக்குப் பாயின்ட்டே பிடிக்கும். காட்டில் நின்றாலும் ஒரு துண்டு அட்டையால் சரிசெய்துவிடலாம்.

கார்புரேட்டரைத் திறந்தால் டயாஃப்ரம் தகரம் மாதிரி விறைத்திருக்கும். டில்லட்சன், வால்ப்ரோ கார்புரேட்டர்கள் பலவற்றுக்கு இன்னும் புதிய கிட் கிடைக்கிறது. டயாஃப்ரம், கேஸ்கட், ஊசி மூன்றையும் மாற்றுங்கள். கேஸ்கட் எந்தப் பக்கம், டயாஃப்ரம் எந்தப் பக்கம் என்ற வரிசையைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. டாங்கினுள் இருக்கும் ரப்பர் குழாயும் ஃபில்டரும் எப்படி இருந்தாலும் புதிதாகவே போக வேண்டும்.

இனி ஆயில் சீல். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் இந்த ரப்பர் வளையங்கள்தான் முதல் பத்து நிமிடத்தின் தலையெழுத்து. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சோதிக்க வேண்டும். கார்புரேட்டர் இருந்த இடத்தையும் சைலன்சர் இருந்த இடத்தையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்து, பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, பிளக் துவாரம் வழியே கைப்பம்பால் 7 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றழுத்தம் கொடுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். பிறகு அதே பம்பால் காற்றை உறிஞ்சியும் பாருங்கள். அழுத்தத்தில் தாங்கும் சீல் உறிஞ்சும்போது விட்டுக்கொடுப்பதுண்டு, ஓடும்போது பிஸ்டனைக் கொல்வது அந்த உறிஞ்சல் கசிவுதான். இந்தப் பம்பு விலை அதிகம் என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு பிஸ்டனின் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கலவையும் முதல் ஓட்டமும்

டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்குப் பெட்ரோலில் ஆயில் கலப்பது புதிதல்ல. பழைய ரம்பங்களின் தகட்டில் 16-க்கு 1 என்று பொறித்திருக்கும். அது அந்தக் காலத்துச் சாதாரண மோட்டார் ஆயிலுக்கான கணக்கு. இன்றைய தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயிலில் 32-க்கு 1 போதுமானது. ஒரு லிட்டருக்கு 31 மில்லி. புதிய ரம்பங்களுக்கான 50-க்கு 1 கலவையைப் பழையவற்றில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து வாரி ஊற்றுவதும் சரியல்ல. ஆயில் கூடும்போது அதே துளை வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. கலவையை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்தியாவில் இப்போது பரவலாக விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு நல்லதல்ல. ஈரத்தை இழுத்து மெக்னீசியத்தையும் அரிக்கும்.

கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும்: ஒன்று குறைந்த வேகத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. இரண்டையும் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, பிறகு ஒரு முழுச் சுற்று வெளியே திருப்புங்கள். இது தொடக்கம் மட்டுமே. ரம்பத்தைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்து, முன் கைப்பிடியை இடக்கையால் அழுத்திப் பிடித்து இழுங்கள். தொங்கவிட்டு இழுக்கும் வீரம் வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் சூடேறும்வரை மெல்லிய வேகத்திலேயே விடுங்கள். முதலில் குறைந்த வேக ஸ்க்ரூ: எஞ்சின் மிக வேகமாகச் சுழலும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு வெளியே திருப்புங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் செயின் நிற்கும்வரை வேகத்தைக் குறையுங்கள். இப்போது ரம்பத்தை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்த்தால் வேகம் தானே ஏறுகிறதா? ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தயங்குகிறதா? உடனே நிறுத்துங்கள். எங்கோ காற்று புகுகிறது. ஸ்க்ரூவைத் திருகி அதை மறைக்க முயலாதீர்கள், மேசைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் முழு வேக ஸ்க்ரூ. இதைக் காதால்தான் செய்ய வேண்டும். ஓரிரு விநாடி மட்டும் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, சத்தத்தைக் கேளுங்கள். தெளிவாக, உச்சஸ்தாயியில் கீச்சென்று ஏறினால் பெட்ரோல் போதவில்லை. கேட்க இனிமையாக இருக்கும் அந்தச் சத்தம்தான் பிஸ்டனைத் தின்கிறது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் உடைந்து கரகரக்கும். பெட்ரோல் சற்று அதிகமாகிச் சில சுற்றுகளில் சரியாக எரியாமல் போவதால் வரும் கரகரப்பு அது. இப்போது மரத்தில் இறக்குங்கள். சுமை ஏறியதும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் மறுபடி கரகரக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். மரத்துக்குள்ளும் கரகரத்தால் சிறிது உள்ளே. இந்தக் காது ஒரே நாளில் வராது. பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் வெகு சீக்கிரம் வரும். சேகரிப்பாளர்கள் கூடும் இடங்களுக்குப் போகச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

அறுக்கும்போது

செயினின் அளவு தெரியாவிட்டால், அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் மையத்திலிருந்து மூன்றாவதின் மையம்வரை அளந்து இரண்டால் வகுங்கள். வகுப்பதற்கு முன் 19 மி.மீ. வந்தால் அது 3/8 அங்குலச் செயின், 20.5 வந்தால் 0.404, 25.4 வந்தால் அரை அங்குலம். முதல் இரண்டும் இன்றும் கடையில் கிடைக்கும். செயினை மாற்றும்போது பல்சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எக்ஸ்எல்-12-இல் பாருக்கு ஆயில் தானாகப் போகாது, கட்டைவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும். சில விநாடிகளுக்கு ஒரு அழுத்து. புது ரம்பம் ஓட்டிப் பழகியவர்கள் இதை மறந்து, பாரை நீலமாக எரித்துவிடுகிறார்கள்.

பாதுகாப்பில் இந்த ரம்பங்கள் எதையும் மன்னிக்காது. செயின் பிரேக் பரவலாக வரத் தொடங்கியது 1970-களில்தான். அதற்கு முந்தைய ரம்பத்தில் பாரின் மூக்கின் மேல்பாதி மரத்தில் பட்டால், ரம்பம் முகத்தை நோக்கி எழும்பும். அதை நிறுத்த எதுவும் இல்லை. ஆகவே தரையில் கிடத்திய கட்டையை மட்டும், பாரின் நடுப்பகுதியால், இரு கையாலும் இறுகப் பிடித்து அறுங்கள். நின்ற மரத்தைச் சாய்க்க, கிளை கழிக்க, ஏணியில் ஏறி அறுக்கப் புது ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுத் தடுக்கும் கால்சட்டை, ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கவசம் நான்கும் வேண்டும். இவற்றின் சைலன்சர் பெயருக்குத்தான். காதுக்கவசம் இல்லாமல் ஒரு டாங்க் ஓட்டினாலே காது இரையும்.

அதிர்வையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடி எஞ்சினோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கும், நடுவில் ரப்பர் கிடையாது. நாள் முழுக்க இவற்றைப் பிடித்து வேலை செய்த காட்டுத் தொழிலாளர்களுக்கு விரல் நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்டு, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ஜப்பானிலும் வட ஐரோப்பாவிலும் இது பெரிய தொழில்நோயாகவே பதிவானது. அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் பிறந்ததற்கு அவர்கள் விரல்கள் கொடுத்த விலைதான் காரணம். பொழுதுபோக்காக ஓட்டும் நமக்கு ஒரு டாங்க் போதும். கையுறை போடுங்கள், கையைச் சூடாக வைத்திருங்கள், விரலில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எடுத்து வைக்கும்போது

டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். ஈர மரத்தூளை பிரஷால் எடுத்துவிடுங்கள். பிளக் துவாரத்தில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, அழுத்தம் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். துவாரங்கள் மூடியபடி இருக்கும். கைப்பிடியில் ஒரு அட்டையைக் கட்டி, கலவை எத்தனைக்கு எத்தனை, இரண்டு ஸ்க்ரூவும் எத்தனை சுற்று, சீல் எந்த மாதம் சோதித்தது, செயின் என்ன அளவு என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.